பாறைமுனையில் இன்று என்ன தேதி

பெரிய குடில்,
4 நவம்பர் 1934

அன்புள்ள ஹாக்பார்ட் மாமா,

நான் கடிதம் எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரே குடிலில் இருந்த நாட்களில் உங்களோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பேசப் போனால் எனக்கு வார்த்தை வருவதில்லை. எழுதும்போது வருகிறது. பள்ளியை விட்டு மீன் கொட்டகைக்குப் போன பிறகு எழுதும் பழக்கமும் விட்டுப்போனதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை நம் இரண்டு குடில்களுக்கும் இடையில் உள்ள நடுக்குடிலில் காப்பி டின்னுக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். நரிப்பொறிகளைப் பார்க்க நீங்களும் அங்கே வந்துதானே ஆக வேண்டும். அடுப்பில் சிராய்களை அடுக்கித் தீக்குச்சியும் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்ததும் பற்றவைத்தால் போதும்.

அப்பா இந்த நடுப்பொறிகளை என்னிடம் விட்டுவிட்டார். வடக்குப் பள்ளத்தாக்குப் பொறிகள் அவருக்கு. உங்களை எதிரில் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். குடிலின் தரையில் அவர் போட்ட சாக்பீஸ் கோடு அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் போன பிறகும் அவர் அதைத் தாண்டி உங்கள் பக்கம் உட்காருவதில்லை. அடுப்பு அவர் பக்கம், கதவு உங்கள் பக்கம். நான்தான் நாள் முழுக்க எல்லை தாண்டிக்கொண்டிருக்கிறேன்.

மாமா, அப்பா எதிர்த்து நின்றது ஒரு கரடியா இரண்டு கரடியா என்பதற்காக ஒருவர் பாதி நாய்களை ஓட்டிக்கொண்டு விரிகுடாவின் அந்தப் பக்கம் போய்விடுவாரா? கோடையில் கப்பல் வந்து நார்வேக்குத் திரும்பியதும், நம் திரோம்சோ ஊரில் அம்மா கேட்டால் நான் என்ன சொல்ல? உங்களை ஒருபோதும் தனியாக விடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லித்தான் அம்மா என்னையும் கப்பல் ஏற்றினாள். நீங்கள் இரண்டு பேரும் அது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள்.

சூரியன் போய்விட்டது. இனி பிப்ரவரி வரை இருட்டு. தனியாக இருட்டுக்காலத்தைக் கழித்தவன் படுக்கையை விட்டு எழாமலே போன கதையை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். கிறிஸ்துமஸுக்குள் திரும்பி வந்துவிடுங்கள்.

ராக்னா


பாறைமுனை,
11 நவம்பர்

என் வாயில்லாப் பூச்சி மருமகளுக்கு,

உன் கடிதத்தை நடுக்குடிலில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா அங்கே ஊமைபோல உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாய்?

கரடி ஒன்றுதான். நான் பக்கத்தில் நின்றேன். உன் அப்பன் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்தான், அதையும் நான் சொல்லவில்லை. மகள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று கத்தினான். நான் வாங்கியது ஒரு கரடியை மட்டும்தான், மானம் அப்படியே இருக்கிறது என்றேன். அதற்கு அவன் சாக்பீஸ் எடுத்தான். கதவுப்பக்கத்து வாடையில் படுத்துக்கொண்டு, வெந்நீர் வேண்டுமென்றால் மச்சானிடம் அனுமதி கேட்க நான் என்ன அவன் வீட்டு நாயா?

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. குடில் சின்னது. அடுப்பு என் பக்கம், கதவும் என் பக்கம். புர்ரே முன்னால் ஓடினால் மற்ற மூன்று நாய்களும் சொன்னபடி கேட்கின்றன. உப்புக்கண்டம் ஒரு பீப்பாய் இருக்கிறது, மாவு இருக்கிறது. வேட்டைக்குச் சீல்தான் இல்லை. முனையில் இன்னும் கடல் உறையவில்லை. கொண்டுவந்த சீல் இறைச்சி நாய்களுக்கே சரியாக இருக்கிறது.

அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பன் வந்து கூப்பிடட்டும், யோசிக்கிறேன்.

ஹாக்பார்ட்


பெரிய குடில்,
21 நவம்பர்

அன்புள்ள மாமா,

அப்பா வந்து கூப்பிட மாட்டார். நீங்கள் கூப்பிடாமல் வர மாட்டீர்கள். அதனால் நான் கூப்பிடுகிறேன். மூன்றாவது ஆள் கூப்பிட்டால் இரண்டு பேர் மானமும் போகாது அல்லவா.

இரண்டு நாளாக நிலா நன்றாக இருக்கிறது. அதற்கு முன் அடித்த புயலில் கதவைத் திறக்க முடியாமல் கூரை ஓட்டை வழியாக ஏறி இறங்கினோம். நீங்கள் அந்தச் சின்னக் குடிலில் எப்படி இருந்தீர்களோ. அப்பா காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "உன் மாமன் கூரைக்குக் கல்லு வச்சிருப்பான்ல?" என்று கேட்டார். பிறகு கேட்காததுபோல நரித்தோலைச் சுரண்ட ஆரம்பித்தார்.

உங்களுக்கு இரண்டு பனிக்கோழிகளை நடுக்குடிலின் வெளி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். நாய்களுக்குக் கொடுக்காமல் நீங்கள் சாப்பிடுங்கள்.

ராக்னா


பாறைமுனை,
18 நவம்பர்

அன்புள்ள ராக்னா,

கோழிகள் கிடைத்தன. ஒன்றை நான் தின்றேன், ஒன்றைப் புர்ரே திருடியது. உன் கடிதமும் கிடைத்தது. நடுக்குடிலிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

புயலைப் பற்றிக் கேட்டாய். கல் வைத்திருந்தேன் என்று அவனிடம் சொல். கூரைக்கு மேலும் பனி மூடிவிட்டது. சன்னல் புதைந்து உள்ளே எப்போதும் ஒரே இருட்டு. எண்ணெயை மிச்சம் பிடிக்க விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தே கிடந்தேன். எழுந்தால் காப்பி, பிறகு படுக்கை. இவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியது சின்ன வயதில்தான். பேச்சுக்கு ஆள் இல்லை என்றால் மனிதனுக்குத் தூக்கம் எவ்வளவு நன்றாக வருகிறது பார். உன் அப்பனோடு இருந்தால் அவன் சொல்வதைத் திருத்துவதற்காகவாவது விழித்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ கூப்பிட்டதால் யோசிக்கிறேன், அவனுக்காக இல்லை.

ஹாக்பார்ட்


பெரிய குடில்,
15 டிசம்பர்

அன்புள்ள மாமா,

நிலா இல்லாத நாட்களில் அப்பா என்னை வெளியே விடவில்லை. இப்போதுதான் மறுபடி வர முடிந்தது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் எழுதியது நவம்பர் 21. அதற்குப் பதிலாக நீங்கள் எழுதிய கடிதத்தில் நவம்பர் 18 என்று இருக்கிறது. நான் எழுதும் முன்பே எனக்குப் பதில் எழுதிவிட்டீர்கள்.

அப்பாவிடம் காட்டினேன். "உன் மாமனுக்குக் கரடியும் எண்ணத் தெரியாது, நாளும் எண்ணத் தெரியாது" என்று சிரித்தார். வெகுநாள் கழித்துச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். ஒருவர் மறந்தால் ஒருவர் பஞ்சாங்கத்தில் அன்றைய தேதியை அடித்துவிடுகிறோம். நீங்கள் நாட்களை எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?

தேதி தவறினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வருவதானால் எந்த நாள் வருவீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். எங்கள் கணக்கில் இன்று சனிக்கிழமை.

ராக்னா


பாறைமுனை,
11 டிசம்பர்

ராக்னா,

தப்பு உங்கள் பக்கம்தான். உன் அப்பன் பஞ்சாங்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அடிப்பவன். ஒரு கரடியை இரண்டாக்கியவனுக்கு ஒரு நாளை இரண்டாக்குவது பெரிய காரியமா?

நான் சுவரில் கோடு போடுகிறேன். ஒவ்வொரு தடவை தூங்கி எழுந்ததும் கத்தியால் ஒரு கோடு. ஒன்றுகூட விட்டதில்லை. பாதிரியார் வந்து எண்ணினாலும் சரியாக வரும்.

நிலாவை வைத்துச் சொல்லலாம் என்பாய். இங்கே மேகம் விலகவே இல்லை. சரி, ஒரு பந்தயம். ஜனவரி 19 அன்று முழுச் சந்திர கிரகணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. நிலா கறுத்ததும் உங்கள் தாளில் என்ன தேதி, என் சுவரில் என்ன தேதி என்று பார்ப்போம். தோற்றவன் மற்றவன் காலணியைக் கோடை வரை துடைக்க வேண்டும். இதை அவனிடம் சொல்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், என் கணக்கில் 24 அன்று. நடை கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். பதினாலு வயதில் கப்பல் தளத்தில் விழுந்து முழங்காலில் ஒரு வெட்டு வாங்கினேன். எப்போதோ ஆறிய தழும்பு. இப்போது அது வாய் திறந்துகொண்டு புதுக் காயம்போல ஒழுகுகிறது. குளிர்தான் காரணம். ரொட்டியும் கல்லாகிவிடுகிறது, காப்பியில் ஊறவைத்துத்தான் தின்கிறேன்.

ஹாக்பார்ட்


நடுக்குடிலிலிருந்து,
31 டிசம்பர்

அன்புள்ள மாமா,

நீங்கள் வரவில்லை.

உங்கள் 24 எங்களுக்கு எந்த நாள் என்று தெரியாததால், எங்கள் 24 முதல் தினமும் மூன்று தட்டு வைத்தோம். நான் வைக்கவில்லை, அப்பா வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் மூன்றாவது தட்டைக் கழுவாமலே அலமாரியில் வைப்பார். மறுநாள் எடுப்பார். நேற்று எடுக்கவில்லை. "வர்றவன் வந்திருப்பான்" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குத் தெரியாமல் வந்தேன் என்று சொல்ல மாட்டேன். பொறி பார்க்கப் போகிறேன் என்றேன். நிலா இல்லாத இருட்டில் பொறி பார்க்க யாரும் போவதில்லை. அவர் லாந்தரில் எண்ணெய் நிரப்பிக் கொடுத்தார்.

வழியெல்லாம் உங்கள் கடைசிக் கடிதத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். எழுந்த ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு என்று எழுதியிருந்தீர்கள். எழுந்த தடவைகளைத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஒரு நாள் முழுக்க எழாமல் கிடந்தால் அந்த நாளுக்குக் கோடே இல்லை. நீங்கள் நாட்களை மறக்கவில்லை மாமா, தூங்கித் தொலைத்திருக்கிறீர்கள். பழைய தழும்பு திறப்பதும் ரொட்டி கடினமாவதும் குளிரால் இல்லை. ரொட்டி எப்போதும்போலத்தான் இருக்கும், உங்கள் ஈறுதான் வலிக்கிறது. உப்புக்கண்டத்தையே தின்று இருட்டில் படுத்திருப்பவர்களுக்கு வரும் நோய் இது. பச்சை இறைச்சி தின்றால் சரியாகிவிடும் என்று நம் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

பாதி சீலின் இறைச்சியைக் கொண்டுவந்து உள்ளே உத்தரத்தில் கட்டியிருக்கிறேன். உருக்காமல், சுடாமல், அப்படியே மெல்லியதாகச் சீவித் தின்னுங்கள். எனக்கு இங்கிருந்து பாறைமுனைக்கு வழி தெரியாது. தெரிந்திருந்தால் நானே கொண்டுவந்திருப்பேன்.

ராக்னா


(தேதி இல்லை)

மருமகளே

சீல் கிடைத்தது. புர்ரேதான் என்னை இங்கே இழுத்துவந்தது, நான் வண்டியில் மூட்டைபோலக் கிடந்தேன். நடுக்குடிலில் இரண்டு தூக்கம் தூங்கிவிட்டு எழுதுகிறேன். இரண்டோ மூன்றோ.

சீவித் தின்னப் பார்த்தேன், மெல்ல முடியவில்லை. இரண்டு பல் ஆடுகிறது. மிச்சத்தை நாய்களுக்குக் கொடுத்தேன், அவை பாவம். கால்களில் கறுப்புத் திட்டுகள், வரைபடம்போல இருக்கிறது. நார்வே முழுக்க இருக்கிறது, திரோம்சோவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த அடுப்பு புகைகிறது. என் குடிலுக்கே போகிறேன். அங்கே படுக்கை நன்றாக இருக்கிறது. பயப்படாதே, வலி ஒன்றும் இல்லை, தூக்கம்தான். சண்டை போட ஆள் இல்லாவிட்டால் இப்படித்தான்.

அவனிடம் சொல்லாதே. வந்து பார்த்துவிட்டு, நான் அப்பவே சொன்னேன் என்பான்.

ஹா


பெரிய குடில்,
20 ஜனவரி 1935

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதம் உங்கள் கையில் இருந்தால், கொண்டுவந்தவர் யார் என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை 17ஆம் தேதி, நிலா வந்ததும் போய் எடுத்தேன். சொல்லாதே என்று எழுதியிருந்ததால் இரண்டு நாள் பாவாடைப் பையிலேயே வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சொன்னால் உங்களுக்குக் கொடுத்த வாக்கு போகிறது. உண்மையில் நான் வாக்கே கொடுக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

நேற்று மதியக் காப்பிக்குப் பிறகு நாய்கள் ஊளையிட ஆரம்பித்தன. வெளியே போனோம். நிலாவின் ஓரம் தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் முழுதும் செம்பு நிறமாகிவிட்டது. பனியெல்லாம் பழுப்பாகத் தெரிந்தது. அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "பத்தொன்பது. நம்ம கணக்கு சரி" என்றார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, "அவன் சுவத்துல இன்னைக்கு என்ன தேதியோ" என்றார்.

அப்போது எனக்குப் பேச்சு வந்தது. எப்படி என்று தெரியவில்லை. "மாமா சுவத்துல இனிமே கோடே இருக்காதுப்பா. தூங்கிட்டே செத்துப்போவாரு. எனக்கு வழி தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்க போகலைன்னா, தெரியாத வழியில நான் போறேன்" என்றேன். கத்தினேன் என்றே நினைக்கிறேன். நாய்கள் ஊளையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன.

அப்பா கையை நீட்டினார். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். உள்ளே போய் விளக்கடியில் ஒவ்வொன்றாகப் படித்தார். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தது பற்றி எழுதியிருந்தீர்களே, அதையும் படித்தார். அதையும் மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கடைசிக் கடிதம் வந்ததும் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

இப்போது வண்டி கட்டிக்கொண்டிருக்கிறார். சீல் இறைச்சியும் சீல் ரத்தத்தை உறையவைத்த வாளியும் ஏற்றியாகிவிட்டது. "தனியா இருந்துக்குவியா?" என்று கேட்டார். இருப்பேன் என்றேன். இரண்டு நாய்களை எனக்கு விட்டுப் போகிறார்.

மாமா, இவ்வளவு நாள் தூங்கியது போதும். அப்பா வரும் வரை விழித்திருங்கள்.

ராக்னா


நடுக்குடில்,
27 ஜனவரி
(தேதி உன் அப்பன் சொன்னது. நான் ஒப்புக்கொண்டு எழுதுகிறேன்.)

என் அன்பு மருமகளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதச் சொல்லி மச்சான் என் தலைமாட்டில் நிற்கிறான். இதைக் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்துவிட்டு, இன்னும் இறைச்சி ஏற்றிக்கொண்டு திரும்பி வருவான். இப்போது அவன்தான் நம் தபால்காரன்.

கிரகணத்தை நான் பார்க்கவில்லை. பந்தயத்தில் தோற்றதுகூடத் தெரியாமல் தோற்றேன். அடுப்பு எப்போது அணைந்தது என்றும் தெரியாது. நாய்களை உள்ளே விட்டிருந்தேன், அவை என்மேல் படுத்திருந்ததால்தான் உறையவில்லை. கதவை யாரோ தோண்டும் சத்தம் கேட்டது. கரடி என்று நினைத்தேன். இந்தத் தடவை எத்தனை என்று எண்ண ஆள் இல்லையே என்றுகூட நினைத்தேன்.

உன் அப்பன் லாந்தரோடு உள்ளே வந்தான். "ஹாக்பார்ட், இருக்கியாடா?" என்றான். நான், "மச்சான், கதவைச் சாத்து. குளிருது" என்றேன். அவ்வளவுதான், அவன் மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து என்னைத் திட்ட ஆரம்பித்தான். அடுப்பைப் பற்றவைக்கும்போது திட்டினான், கால்களைத் தேய்க்கும்போது திட்டினான். செத்திருந்தால் அக்காவிடம் எந்த முகத்தோடு போய் நின்றிருப்பேன் என்று கேட்டுக் கேட்டுத் திட்டினான். எனக்குக் காதுக்கு இதமாக இருந்தது.

மெல்ல முடியாது என்றேன். உறைந்த இறைச்சியைக் கத்தியால் மாவுபோலச் சுரண்டி, ரத்தத்தில் குழைத்து, கரண்டியில் ஊட்டினான். குழந்தைக்கு ஊட்டுவதுபோல வாயைத் துடைத்தும் விட்டான். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் நீ சொல்லாதே என்றால் கேட்பதில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

நாலாம் நாள் ஈறில் ரத்தம் நின்றது. வண்டியில் கட்டி இங்கே கொண்டுவந்திருக்கிறான். இன்னும் ஒரு வாரம் அசையக் கூடாதாம்.

நீ வாயைத் திறந்து பேசினாய் என்று மச்சான் சொன்னான். கத்தினாளா என்றேன், நாய்கள் அடங்கிப்போயின என்றான். நான் நம்பவில்லை. வந்து என் காதால் கேட்டால்தான் நம்புவேன்.

உன் மாமன்
ஹாக்பார்ட்


பெரிய குடில்,
2 பிப்ரவரி

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். பிறகு பசி வந்தது. அப்பா வண்டி கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து எனக்குப் பசித்ததே இல்லை. ஒரு வாணலி நிறைய உருளைக்கிழங்கைத் தனியாகத் தின்றேன்.

அப்பா இறைச்சி எடுக்க வந்தபோது இரண்டு மணி நேரம்கூட இருக்கவில்லை. "அங்க அவன் எழுந்து நடந்து தொலைப்பான்" என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிட்டார். தாடியில் பனிக்கட்டி தொங்கியது. ஆனால் வாசலில் நின்று சீழ்க்கை அடித்தார். அவருக்குச் சீழ்க்கை அடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

நீங்கள் புதன்கிழமைக்கு முன் கிளம்பக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் இந்தக் கடிதத்தை அவர் அடுத்த தடவை வரும்போது கொடுத்தனுப்பலாம் என்று எழுதி வைக்கிறேன். உங்களுக்குப் புது மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே காய்ந்த பாசி. தனியாக இருப்பது நினைத்த அளவு பயமாக இல்லை. இங்கே நாய்களோடு சத்தம் போட்டுப் பேசிப் பழகுகிறேன். மதியத்தில் தெற்கே வானம் கொஞ்சம் நீலமாகிறது. முந்தாநாள் விளக்கில்லாமல் வாசலில் என் கையுறையைத் தேடி எடுத்தேன்

நாய்கள் எழுந்து குரைக்கின்றன. கரடியோ என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். கரடி இல்லை. விரிகுடாவின் பனிமேல் வெகுதூரத்தில் ஒரு லாந்தர். காற்றே இல்லாததால் பேச்சு அப்படியே கேட்கிறது. இதைக் கதவருகில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

"இடது பக்கம் பிளவு இருக்குன்னு சொல்றேன்ல, வலது பக்கம் ஓட்டு!"

"வண்டியில மூட்டை மாதிரி வர்றவன் வழி சொல்லக் கூடாது!"

"மூட்டைக்கும் கண்ணு இருக்கு மச்சான்!"

"இன்னொரு வார்த்தை பேசினா இறக்கிவிட்டுடுவேன், நடந்து வா!"

"பேசுறேன்ல, இப்பவே இறக்கிவிடு!"

நீங்கள் இரண்டு பேரும் சொல்பேச்சுக் கேட்கிறவர்களே இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு பனிக்கு இறங்குகிறேன். பிளவு இடது பக்கம்தான் இருக்கிறது. இங்கிருந்தே கத்திச் சொல்லப் போகிறேன்.